ஒஸ்லோக் காட்டில் தற்செயலாக

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. பேனையை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு கடையில் உட்கார்ந்தவன் நான், எழுத்து வருமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அன்று காட்டில் நடந்தது தற்செயல் என்று இரண்டு குடும்பங்களும் இன்றுவரை சாதித்துக்கொண்டு இருக்கின்றன. நான் எழுதினால் அது தற்செயல் இல்லை என்று ஆகிவிடுமே. இருந்தாலும் கோணேசப் பெருமானை நினைத்துக்கொண்டு இன்று துணிந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது போர்நிறுத்தக் காலம். திருகோணமலையில் என் பலசரக்குக் கடைக்கு முன்னால், இரு தரப்புக்கும் நடுவில் நிற்க வந்த நோர்வேக்காரர்கள் வெள்ளை ஜீப்பில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், ஓர் ஆவணி மாதத்தில் அவர்களுடைய நாட்டிலேயே போய் இறங்கினேன். என் தங்கை மலர் ஒஸ்லோவில், ஹவுகெட்டோ என்ற இடத்தில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் தர்சினிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. தாய்மாமன் பக்கத்தில் நிற்காமல் இந்தக் காரியம் நடக்காது என்று மலர் டெலிபோனில் அழுதாள். அந்த அழுகைதான் எனக்கு விமான டிக்கெட்.

வந்த அன்றைக்கே ஒரு கூத்து. ரயில் ஹவுகெட்டோவில் நின்றது. கதவு தானாகத் திறக்கும் என்று நான் பெட்டியோடு மரியாதையாக நின்றேன். அங்கே கதவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமத்த வேண்டும். நான் நின்றபடியே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். பிளாட்பாரத்தில் மாலையோடு நின்ற தங்கச்சி, கண்ணாடிக்குள்ளே நான் கடந்து போவதைப் பார்த்துக் கை காட்டினாள். நானும் கை காட்டினேன். பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் பொத்தானையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஊரில் அப்படித்தான். மறுநாள் டிராமில் ஏறி, இருந்த எல்லாருக்கும் கை கூப்பி வணக்கம் சொன்னேன். எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தர்சினி என் கையைப் பிடித்து இருத்தி, தெரியாத ஆட்களோடு இங்கே கதைத்தால் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள் என்றாள். நான் திருநீறு பூசியிருக்கிறேனே, குடித்தவன் என்று எப்படி நினைப்பார்கள் என்று கேட்டேன். அவளும் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

தர்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அங்கே போன பிள்ளை. முதியோர் இல்லத்தில் நேர்ஸாக வேலை. முப்பது தாண்டிவிட்டது. முன்பு இரண்டு இடத்தார் வந்து பார்த்தார்கள். முதல் இடத்தார் பெட்டை கனக்கக் கதைக்கிறாள் என்றார்கள். இரண்டாவது இடத்தார் கேசரியும் வடையும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான், பிறகு ஒரு டெலிபோன் அழைப்பும் இல்லை. அந்த இரண்டு சங்கதியும் ஒஸ்லோத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அவள் தாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வடக்கே தூரத்தில் துரொண்ட்ஹெய்ம் என்ற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"மாமா வந்திருக்கிறார் எண்டதுக்காக இந்த ஒருக்கா வாறன். இதுதான் கடைசி. இதுவும் சரிவரேல்லை எண்டா நான் தனியப் போறன், பிறகு கலியாணம் எண்டு ஒருத்தரும் என்னோட கதைக்கக் கூடாது" என்றாள்.

மலர் அன்று இரவு சாப்பிடவில்லை. நானும் பாதிதான் சாப்பிட்டேன்.

இனிக் காட்டுக்கு ஏன் போனோம் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துச் செய்வதுண்டு. இரண்டு பகுதியும் சாமி கும்பிட வந்தது போல வந்து, தற்செயலாகக் கண்டது போலக் கண்டு, பேசிவிட்டுப் போய்விடலாம். சரிவராவிட்டால் ஒருவருக்கும் வெட்கமில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவேயில்லை. ஆனால் ஒஸ்லோக் கோயிலில் வைத்தால் பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அங்குள்ள தமிழ்க் கடையில் வைத்தாலும் எல்லாரும் வருவார்கள். அப்போதுதான் சம்பந்தம் கொண்டுவந்த தரகர் ஒரு யோசனை சொன்னார். இந்த நகரத்தில் தமிழர் ஒருவருமே கால் வைக்காத இடம் ஒன்று இருக்கிறது, அது காடு. நோர்வேக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது போலக் காட்டுக்குப் போகிறார்கள். உள்ளே ஒரு மரவீட்டில் கோப்பியும் வாஃபிள் என்கிற கட்டம் போட்ட அப்பமும் விற்கிறார்கள். அங்கே இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலையில் வீட்டில் ஒரு சண்டை. மலர் மகளுக்கு அரக்குப் பட்டுச் சீலை எடுத்து வைத்திருந்தாள்.

"காட்டுக்குப் பட்டுச்சீலையோட போனா தற்செயல் எண்டு ஆர் நம்புவினம், அம்மா?" என்று தர்சினி கேட்டாள். நீல மழைச் சட்டையும் காற்சட்டையுமாக வெளிக்கிட்டாள். தாய் அதற்குப் பதிலாகத் தானே காஞ்சிபுரம் உடுத்து, காலில் ஓட்டப்பயிற்சிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டாள். நான் வேட்டிதான். குளிரும் என்று மலர் தன் கணவருடைய கம்பளி உள்காற்சட்டையை எனக்குத் தந்தாள். கணுக்கால் வரை நீளம், சாம்பல் நிறம். அதை வேட்டிக்கு உள்ளே போட்டுக்கொண்டேன். மைத்துனருக்கு அன்று வேலை. அவர் வரவில்லை, அவருடைய காற்சட்டை வந்தது.

சுரங்க ரயில் கடைசித் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டால் எதிரே காடு. காட்டு வாசலில் ஒரு கற்பூரம் கொளுத்தலாம் என்று பையைத் திறந்தேன். அங்கே நெருப்புப் படத்துக்குக் குறுக்கே கோடு போட்ட அறிவிப்பு இருந்தது. கோடையில் காட்டில் நெருப்பு மூட்டக் கூடாதாம், கற்பூரமும் நெருப்புத்தானாம். திருநீறு பூசிக்கொண்டு, மனதுக்குள் கொளுத்தியதாக நினைத்துக்கொண்டு நடந்தேன்.

உள்ளே போனால் அதிசயம். டிராமில் யன்னலைப் பார்த்த அதே சனம், காட்டுக்குள்ளே எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் "ஹைய்" என்று சொல்கிறது. கிழவர் சொல்கிறார், பிள்ளை சொல்கிறது, நாயைப் பிடித்திருப்பவர் நாய்க்கும் சேர்த்துச் சொல்கிறார். எங்கள் ஊரில் கடைத்தெருவில் பேசுவோம், காட்டில் ஆளைக் கண்டால் பயப்படுவோம். இங்கே எல்லாம் தலைகீழ். நான் திரும்பத் திரும்பக் கை கூப்பி என் கை நொந்துவிட்டது.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் மரங்களில் நீல மைக் குறி, மறு பக்கம் சிவப்புக் குறி. பலகையைப் பார்த்த தர்சினி, இரண்டும் அந்த மரவீட்டுக்குத்தான் போகுதாம் என்றாள். அவளும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் காட்டுக்கு வந்ததோடு சரி.

"அண்ணை, எதாலை போவம்?" என்று மலர் என்னைக் கேட்டாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது. நீலம் என்பது நஞ்சின் நிறம். சிவப்பு குங்குமம். மங்கல காரியத்துக்குப் போகிற நாங்கள் எந்த வழியில் போக வேண்டும்? சிவப்பு என்றேன். மலரும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிவப்பு வழியில் வலது காலை வைத்து நடந்தோம். ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. சிவப்புக் குறிகள் எல்லாம் என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. நோர்வேக்காரர்கள் உயரமானவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் எதிரே ஒருவரும் வரவில்லை. சிவப்பு வழி எங்களுக்காகவே விட்டிருப்பது போல இருந்தது. பிறகு நிலம் மெத்தை போல அமுங்கத் தொடங்கியது. பச்சைப் பாசி, நடுவில் வெள்ளைப் பஞ்சு வைத்த புல். பார்க்க அழகு, மிதித்தால் தண்ணீர். மலர் காஞ்சிபுரத்தை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று வந்தாள். ஆனாலும் குறிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே போயின. கடைசிக் குறி ஒரு குளத்தங்கரையில் நின்றது. அடுத்த குறி குளத்துக்கு அப்பால், அக்கரையில், ஒரு பைன் மரத்தில் இருந்தது.

"அண்ணை, வழி தண்ணிக்குள்ளாலை போகுது" என்றாள் மலர்.

எனக்கு உடனே எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிண்ணியாத் துறை ஞாபகம் வந்தது. அங்கேயும் றோட்டு தண்ணீரில் முடியும், பாதை என்று நாங்கள் சொல்கிற தட்டைப் படகு வரும், ஏறிப் போக வேண்டும். ஆகவே இங்கேயும் வரும் என்று சொல்லி ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன். தர்சினியும் ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் இருந்த தண்ணீரை ஊற்றினாள்.

படகு வரவில்லை. அக்கரையில் மரங்களுக்கு நடுவே மாம்பழ நிறத்தில் ஒன்று அசைந்தது. பட்டுச் சீலை. அதற்குப் பக்கத்தில் கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர். அவருக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர். மாப்பிள்ளை பகுதியார் முதலே மரவீட்டுக்குப் போய்விட்டார்களாம். நடந்து வந்து வழியில் சந்தித்தால் இன்னும் தற்செயலாக இருக்கும் என்று புறப்பட்டு, அவர்களும் மங்கலம் பார்த்துச் சிவப்பையே பிடித்திருக்கிறார்கள்.

நடுவில் குளம். இரு கரையிலும் பட்டுச் சீலை. ஒருவரையொருவர் தெரியாது என்பது ஏற்பாடு. ஆகவே அவர்கள் ஒரு மரத்தை உற்றுப் பார்த்தார்கள். நாங்களும் எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தைப் பார்த்தோம்.

காற்றில்லாத குளத்தில் சத்தம் எப்படிப் போகும் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. பெடியன் கொஞ்சம் கட்டையோ என்று மலர் என் காதுக்குள் கேட்டாள். அக்கரையில் பெடியன் நிமிர்ந்து நின்றார். அங்கே அவருடைய தாயார், அந்த நீலச் சட்டைதான் பெட்டையோ என்று கேட்டது எங்களுக்குப் பக்கத்தில் கேட்டது போல இருந்தது. அதன் பிறகு கோட்டுப் போட்டவர், அவர் மாப்பிள்ளையின் அத்தான், சொன்னார்:

"ஏற்கெனவே ரெண்டு இடம் பார்த்து வேண்டாமெண்டு விட்டது, மாமி. யோசிச்சுச் செய்யுங்கோ."

மலரின் கை என் தோளில் இறுகியது. தர்சினி எழுந்து தண்ணீர் ஓரம் போனாள். சத்தம் போடவில்லை, முதியோர் இல்லத்தில் காது கேட்காதவர்களோடு கதைப்பது போல நிதானமாகச் சொன்னாள்.

"ஓம். ரெண்டு இடம். நீங்கள் மூண்டாவது."

இந்தச் சம்பந்தமும் போயிற்று, பிள்ளை துரொண்ட்ஹெய்முக்குத் தனியப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அப்போது கழுத்துப்பட்டிக்காரர் வாயைத் திறந்தார்.

"எனக்கு இது ரெண்டாவது" என்றார். "முதல் இடத்திலை அவைதான் என்னை வேண்டாமெண்டவை. பஸ் ஓட்டுறது பிடிக்கேல்லையாம்."

தாயார் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அவர் பெயர் நிமலன். முதலில் ஹம்மர்பெஸ்ட் என்ற வடக்கு ஊரில் மீன் தொழிற்சாலையில் இருந்து, பிறகு ஒஸ்லோ வந்து பஸ் சாரதியானவர்.

இந்த நேரம் பார்த்து எங்கள் கரைக்கு ஒரு நோர்வேக் கிழவர் வந்து சேர்ந்தார். கையில் புளூபெர்ரி நிறைந்த வாளி, காலில் முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. "ஹைய்" என்றார். தர்சினி வழியைப் பற்றிக் கேட்டாள். அவர் சொன்னதை அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நீலக் குறி கோடைக்கு நடக்கிற வழி. சிவப்புக் குறி குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் போகிற வழி. குளம் அப்போது உறைந்து கல்லாகிவிடும், பனி ஆளுயரத்துக்கு நிற்கும், அதனால்தான் குறி அவ்வளவு உயரம். இன்னும் ஐந்தாறு மாதம் பொறுத்திருந்தால் இதாலேயே நேராக நடந்து அக்கரைக்குப் போகலாம் என்றார். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் சொன்னார்.

பிறகு அக்கரையைக் காட்டி, அவர்கள் உங்களுடைய ஆட்களா என்று கேட்டார். மலர் மகளின் கையைக் கிள்ளினாள். இல்லை, தெரியாது என்றாள் தர்சினி. கிழவருக்கு நம்பிக்கை வரவில்லை. கையைக் குவித்து அக்கரைக்குக் கூப்பிட்டு, இவர்களைத் தெரியுமா என்று கேட்டார். அத்தான்காரரும் தெரியாது என்றார். கிழவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளாத இரண்டு பகுதிக்கு நடுவில் நின்று செய்தி கொண்டுபோவது அந்த நாட்களில் நோர்வேக்காரருக்குப் பழகிய வேலைதான். ஆனால் பாவம், அவர் பழம் பறிக்க வந்தவர்.

அதற்குள் நிமலன் குளத்தைச் சுற்றி எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். தாயார் பின்னால் நின்று கூப்பிட்டார், அவர் நிற்கவில்லை. பச்சையாகத் தெரிந்த இடத்தால் நேராக வந்தார். கிழவர் கையைக் காட்டிக் கத்தினார். கத்தி முடிவதற்குள் நிமலன் தொடை வரை புதைந்துவிட்டார். ஒரு காலை இழுக்க மற்றக் கால் இறங்கியது. சேறு இடுப்புக்கு வந்தது. அக்கரையில் தாயார் தலையில் கை வைத்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

தர்சினி அவரை நோக்கிப் போனாள். கிழவர் மறித்த இடத்தில் நின்று சொன்னாள்.

"அசையாதையுங்கோ. காலை இழுக்காதையுங்கோ. பின்னாலை சாயுங்கோ, கட்டிலிலை படுக்கிற மாதிரி. கையை விரியுங்கோ."

நான் எத்தனையோ மாப்பிள்ளைமாரைக் கண்டிருக்கிறேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கழுத்துப்பட்டியோடு, ஒரு பெண் சொன்ன முதல் வார்த்தைக்கு ஏன் என்று கேட்காமல் சேற்றில் மல்லாந்து படுத்த மாப்பிள்ளையை அன்றுதான் கண்டேன். படுத்தவுடன் இறங்குவது நின்றது. கிழவர் தன் ஊன்றுதடியை நீட்டினார், எட்டவில்லை. கயிறு வேண்டும் என்றார். கயிறு எங்கே?

"மாமா, வேட்டி" என்றாள் தர்சினி.

எட்டு முழ வேட்டி. சம்பந்தியாகப் போகிறவர்கள் அக்கரையில் நிற்கிறார்கள். முதல் சந்திப்பு. கோணேசா என்று கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துக் கொடுத்தேன். மைத்துனரின் சாம்பல் நிறக் காற்சட்டையோடு நோர்வே நாட்டின் நடுவில் நின்றேன். வேட்டியின் ஒரு தலைப்பை அவள் வீச, நிமலன் பிடித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். கிழவரும் நானும் மலரும் மற்றத் தலைப்பை இழுத்தோம். மெல்ல, மெல்ல, காலை நீந்துகிற மாதிரி அடியுங்கோ என்று அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். சேறு ஒரு பெரிய சத்தத்தோடு அவரை விட்டது. ஒரு சப்பாத்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டது.

கல்லில் உட்கார்த்தினோம். கழுத்து வரை கறுப்பு, நடுக்கம். தர்சினி தன் நீலச் சட்டையைக் கழற்றிப் போர்த்து, நாடி பார்த்து, மலரின் பலகாரப் பைக்குள் இருந்த பிளாஸ்கை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வடையையும் எடுத்து வைத்தாள். அக்கரையில் தாயாருக்கு உயிர் திரும்பி வந்துவிட்டது. அதோடு ஏற்பாடும் ஞாபகம் வந்துவிட்டது.

"தம்பி, தெரியாத ஆக்களிட்டை ஒண்டும் வாங்கித் தின்னாதை" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

நிமலன் வடையைக் கடித்தார். தர்சினி அவரை நேரே பார்த்தாள்.

"உங்களுக்கு முதலே சொல்லிப்போட வேணும். நான் துரொண்ட்ஹெய்முக்கு வேலைக்குப் போறன். நாளைக்கு ஓம் எண்டு சொல்லப் போறன். உது மாறாது."

மலர் கண்ணை மூடிக்கொண்டாள். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று நானும் நினைத்தேன்.

நிமலன் வாயில் இருந்ததை விழுங்கினார். "துரொண்ட்ஹெய்மிலையும் பஸ் ஓடுதுதானே" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. சாதகம், சீதனம், இருபகுதிப் பெரியவர்கள், ஒன்றுமில்லை. கிழவருக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் வாளியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்து, பழம் சாப்பிடச் சொல்லிக் கை காட்டினார்.

பிறகு கிழவரே எங்களையும் நிமலனையும் நீலக் குறிப் பாதையால் கூட்டிப் போனார். அக்கரையில் நின்றவர்கள் வந்த வழியால் திரும்பினார்கள். மரவீட்டில் இரண்டு பகுதியும் கடைசியில் சந்தித்தன. நான் நனைந்த வேட்டியைப் பிழிந்து கட்டியிருந்தேன். நிமலனின் தாயார் என்னைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று முதல் தடவை கேட்பது போலக் கேட்டார். திருகோணமலை என்றேன். அப்படியோ, என்ன தற்செயல், நாங்களும் அந்தப் பக்கம்தான் என்றார். வாஃபிளோடு மண்ணிறப் பாற்கட்டி வைத்தார்கள். பார்க்க உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் போல, ருசியில் நம்முடைய பால்கோவா கொஞ்சம் அடிப்பிடித்தது போல. நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன். அத்தான்காரர் தள்ளி ஒரு மூலையில் இருந்தார். தர்சினி அவருக்கும் கோப்பி எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை தர்சினி ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் சொன்னாள். மத்தியானம் தரகர் டெலிபோன் எடுத்து, காட்டுக்குப் போன இடத்தில் தற்செயலாக ஒரு குடும்பத்தைக் கண்டார்களாம், பெண்ணை நன்றாகப் பிடித்துவிட்டதாம் என்றார். மலர் டெலிபோனை வைத்துவிட்டுச் சாமி அறைக்குள் போய்க் கன நேரம் வரவில்லை. நான் வெளியே நின்று அழுதேன். தர்சினியும் ஓம் என்றுவிட்டாள். ஏன் அவ்வளவு விரைவாகச் சம்மதித்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"சொன்னவுடனை படுத்தார், மாமா" என்றாள். "என்ரை இல்லத்திலை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை."

இப்போது இருவரும் துரொண்ட்ஹெய்மில் இருக்கிறார்கள். அவர் அங்கே பஸ் ஓட்டுகிறார். நாங்கள் நீல வழியால் போயிருந்தால் மரவீட்டில் கோப்பி குடித்து, பலகாரம் சாப்பிட்டு, கும்பிட்டுவிட்டு வந்திருப்போம், பிறகு ஒரு டெலிபோனும் வந்திருக்காது. இறைவன் ஏன் எங்களைச் சேற்றுக்குள் கூட்டிப் போனான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கதை எப்படியோ வெளியே போய், டொரொண்டோவில் ஒரு விதமாகவும் எங்கள் கோயில் வீதியில் வேறு விதமாகவும் உலாவுகிறது. ஒன்றில் கரடி வருகிறது. இன்னொன்றில் குளம் கடலாகிவிட்டது. எனக்கு மரியாதை கொடுத்து, வேட்டியைச் சால்வையாக மாற்றிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் யாருக்காவது சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். கரடியைச் சேர்க்க வேண்டாம். என் மானத்தை நினைத்து வேட்டியை எடுத்துவிடவும் வேண்டாம். சால்வை அவ்வளவு தூரம் எட்டியிருக்காது.